முன்சீப் கோர்ட்டா, சப் கோர்ட்டா? ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் காட்டிய பிராதில் (வழக்கு மனுவில்) மதிப்பீட்டுப் பாராவைப் படித்ததும் எரிச்சலாக வந்தது. அங்கே போடும் மதிப்பை வைத்துத்தான் வழக்கு முன்சீப் கோர்ட்டுக்கா, அதற்கு மேலான சப் கோர்ட்டுக்கா என்பது முடிவாகிறது. என் பழைய தவறு, வரி மாறாமல் அப்படியே இருந்தது. முத்திரை குறைவு, கையெழுத்து விட்டுப்போனது போன்றவற்றை ஃபைலிங் செக்‌ஷனே பிடித்துவிடும். அவற்றை விடுவோம்.

பழைய புத்தகத்தில் கோர்ட்டின் வரம்புத் தொகையைப் பார்ப்பது

திருத்தச் சட்டத்தைப் பாருங்கள்.

உரிமை மறுக்கப்பட்ட பின்னும் வெறும் உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேட்பது

முன்சீப் எவ்வளவு தொகை வரை விசாரிக்கலாம் என்பது 1873ஆம் ஆண்டு உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வழக்கின் மதிப்பு எவ்வளவு என்பதோ 1955ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில். நான் முதல் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு ஃபைல் செய்தவன்.

கட்சிக்காரரின் நிலம் சுமார் 6 லட்சம் பெறும். எதிராளி நோட்டீசுக்கு அனுப்பிய பதிலிலேயே ‘நிலம் உன்னுடையதே இல்லை’ என்று சொல்லியிருந்தார். அதைப் படித்தும், பிராதில் ஒரு வார்த்தை எழுதாமல், உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு, கட்டணச் சட்டத்தின் பிரிவு 27(சி)யில் 1,000 ரூபாய் மதிப்புப் போட்டேன். கட்டணம் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. விளம்புகையும் (நிலம் அவருடையது என்று கோர்ட் அறிவிப்பதையும்) சேர்த்துக் கேட்டிருந்தால் 25(பி)யின்படி பாதிச் சந்தை மதிப்பான 3 லட்சத்துக்கு, அப்போதைய 7.5 சதவீதத்தில், 22,500 ரூபாய் ஆகியிருக்கும். கட்சிக்காரருக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக நினைப்பு! (2017இல் கட்டணம் 3 சதவீதமாகக் குறைந்த பிறகும் இதே மிச்சக் கணக்கைப் போடுகிறார்கள்.)

பதிலுரையிலும் உரிமையை மறுத்தார்கள். உரிமை குறித்து எழுவினா (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்வி) வனையப்பட்டது. அந்த எழுவினா ஒன்றே போதும், வழக்கு 27(ஏ)வுக்குப் போய்விடும். அங்கேயும் பாதிச் சந்தை மதிப்புதான். முன்சீப்பின் வரம்பு அன்றைக்கு 1 லட்சம். கடைசியில் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் ஆணை 7 விதி 10இன் கீழ், உரிய கோர்ட்டில் போடச் சொல்லிப் பிராது திரும்பி வந்தது. சப் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்கினோம். கட்சிக்காரரான பெரியவர் மறுபடி கூண்டேறி, மறுபடி அதே பட்டாவை அடையாளம் காட்டினார். “அதான் அன்னைக்கே சொன்னேனே தம்பி” என்று அவர் கேட்டது என்னைத்தான்.

அனந்துல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது: உரிமை மீது நிழல் விழுந்தால் விளம்புகை கேள். சரி, எத்தனை பேர் கேட்கிறார்கள்?

பாகப்பிரிவினையில் நிலையான கட்டணத்தையே மதிப்பு என்று நினைப்பது

பிரிவு 37(2)இல் கட்டணம்தான் நிலையானது. கோர்ட்டைத் தீர்மானிப்பது சந்தை மதிப்பு. பிரிவு 53(2)ஐப் புரட்டுங்கள்.

வரம்புக்குள் அடங்கட்டும் என்று மதிப்பைச் சுருக்குவது

வேண்டாம்.

பிரதிவாதிக்காக ஆஜராகி, சும்மா இருப்பது

பண வரம்பு ஆட்சேபணையை எழுவினா வனைவதற்குள் எழுப்ப வேண்டும். மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் பிரிவு 21 குறுக்கே நிற்கும். என் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் பதிலுரையின் இரண்டாம் பாராவிலேயே எழுதியிருந்தார்.