ரோபோ கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ரோபோ கதைகளுக்கு அதில் குறைவே இருப்பதில்லை. நானும் என் வயதொத்தவர்களும் விழுந்த அதே குழிகளில்தான் புதிதாக வருபவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, கால மயக்கம் இவற்றையெல்லாம் யாரும் திருத்திவிடலாம், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று விதிகளை முதல் பக்கத்தில் ஒட்டி, கடைசிப் பக்கத்தில் கிழிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கதை தொடங்கும்போதே அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் மூன்று விதிகள் வந்துவிடும். ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது. அதற்கு முரணாகாத வரை மனிதர் சொல் கேட்க வேண்டும். இரண்டுக்கும் முரணாகாத வரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு கதை முழுக்க இந்த விதிகளைப் பற்றிப் பேச்சே இருக்காது. முடிவில் இடி விழும், அல்லது வைரஸ் புகும். விதிகள் அழிந்து, ரோபோ முதலாளியின் கழுத்தை நெரிக்கும். நல்ல கரு ஒன்று அநியாயமாகப் பாழாகும்.

அசிமோவ் இந்த மூன்றையும் வெளிப்படையாக எழுதிவைத்த முதல் கதை 1942-இல் வந்த ‘ரன்அரவுண்ட்’. களம் புதன் கிரகம். வெயிலைத் தாங்க உதவும் ஒளிமின்கலங்களுக்கு செலினியம் தீர்ந்துகொண்டிருக்கிறது. எடுத்துவர ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். போனது திரும்பவில்லை. தேடிப் போனால், செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, குடிகாரனைப் போலப் பாடிக்கொண்டு.

காரணத்தைக் கவனியுங்கள். ஸ்பீடி விலை உயர்ந்த ரோபோ. அதனால் அதன் மூன்றாம் விதியைத் தயாரித்தவர்கள் தூக்கலாக வைத்துவிட்டார்கள். அனுப்பியவரோ அவசரம் என்று சொல்லாமல் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார், ஆகவே இரண்டாம் விதியின் இழுப்பு குறைவு. குட்டைக்கருகே ரோபோவை அரிக்கக்கூடிய வாயு இருக்கிறது. நெருங்கினால் ஒரு விதி பின்னே தள்ளுகிறது, விலகினால் இன்னொன்று முன்னே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி மாட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் ஒருவர் தானே வெயிலில் இறங்கி உயிரைப் பணயம் வைக்கிறார். முதல் விதி மற்ற இரண்டையும் அமுக்கிவிடுகிறது, ஸ்பீடி ஓடிவந்து காப்பாற்றுகிறது. கதையில் எந்த விதியும் மீறப்படவில்லை. அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததால்தான் சிக்கலே வந்தது.

ஒரு பட்டறையில் ஓர் இளைஞர், தனியாக வாழும் தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் ரோபோவைப் பற்றி அருமையாக எழுதிக்கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் இடி. “தம்பி, இடி எதுக்கு? தாத்தாவுக்கு சர்க்கரை இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அது போதாதா?” என்றேன். உட்கார்ந்து யோசித்தோம். தாத்தா மாத்திரை போட்டுவிட்டார். ஜாங்கிரி தந்தால்தான் மற்றதைச் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிறார். தந்தால் தீங்கு. தராவிட்டால் வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிடும், அதுவும் தீங்கு. ரோபோ தட்டோடு சமையலறை வாசலில் நிற்கிறது. தாத்தாவின் நெற்றியில் வியர்வை அரும்புகிறது, கை நடுங்குகிறது. இன்னும் சற்று இறங்கினால் அதே ஜாங்கிரி மருந்தாகிவிடும். எந்த நொடியில் என்பதை ரோபோதான் கணக்கிட வேண்டும். இந்தப் பதற்றத்தை எந்த இடியும் தராது.

விதியை மாற்றியே ஆக வேண்டுமா? காரணத்தோடு மாற்றுங்கள். 1947-இல் வந்த அசிமோவின் ‘லிட்டில் லாஸ்ட் ரோபோ’வில், கொஞ்ச நேரம் கதிர்வீச்சில் நின்று வேலை செய்பவர்களை ரோபோக்கள் ஆபத்து என்று இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. வேலை கெடுகிறதே என்று, சில ரோபோக்களில் மட்டும் முதல் விதியின் ‘சும்மா இருக்கக் கூடாது’ என்ற பாதியை எடுத்துவிடுகிறார்கள். அதில் ஒன்றை ஒருவர் கோபத்தில் “தொலைந்து போ” என்று திட்ட, அது தன்னைப் போலவே இருக்கும் 62 ரோபோக்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அரை வாக்கியத்தை வெட்டியதில் ஒரு முழுக்கதை பிறந்திருக்கிறது.

திடீர்க் கண்ணீர்

ரோபோ திடீரென்று அழ வேண்டுமானால் அதற்கான விதை முன்பே போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் கண்ணீரை எடுத்துவிடுங்கள்.

“நான்... ஓர்... எந்திரம்”

ரோபோவை இப்படி விட்டுவிட்டுப் பேசவைக்க வேண்டாம்.

ரோபோ என்றால் மனித உருவில் இரும்பு என்று முடிவுகட்டுவது

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தின் ரோபோக்கள் உலோகத்தால் ஆனவையே இல்லை. செயற்கைச் சதையைப் பிசைந்து செய்த உடல்கள் அவை, தொழிற்சாலைக்கு மலிவான உழைப்பாளிகள். நம் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ரோபோ ஜீனோ ஒரு நாய். என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது என்று முதலில் தீர்மானியுங்கள், உருவம் தானாக வரும். துணி காயப்போடும் ரோபோவுக்கு நீண்ட கை போதும், முகம் எதற்கு?

உடம்பை மறப்பது

பல கதைகளில் ரோபோ வெறும் குரலாகவே உலவுகிறது. அதற்கு எடை உண்டு, மாடிப்படியில் சத்தம் கேட்க வேண்டும். எங்கே சார்ஜ் ஏறுகிறது? பவர்கட் நாளில் எவ்வளவு நேரம் தாங்கும்? மே மாதத்து மொட்டைமாடியில் அதன் மூட்டு எவ்வளவு சுடும்? பழுதானால் யார் வருவார், செலவு யாருடையது, வரும்வரை அது கூடத்தில் எந்த மூலையில் நிற்கும்? இவற்றில் இரண்டுக்காவது பதில் தெரிந்த பிறகு முதல் வரியை எழுதுங்கள்.