இசைக்குழுவை விட்டு விலகியபின் முதல் எதிர்ப்புப் பாடலை வெளியிடுவது எப்படி?

ராக் இசைக்குழுவிலிருந்து விலகிய பாடகர், தம் முதல் தனிப்பாடலுக்காகக் கிட்டாரைத் தொடுவதற்கு முன் பழைய ஒப்பந்தத்தை முழுவதுமாகப் படித்துவிட வேண்டும். விலகிய உறுப்பினரின் தனிப் பதிவுகளிலும் இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு உரிமை தரும் பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு. அப்படி இருந்தால், நிறுவனம் எழுத்து மூலம் விடுவிக்கும்வரை வெளியீட்டு நாளைக் குறிக்க வேண்டாம். ஒத்திகையில் எல்லோரும் சேர்ந்து உருவாக்கிய ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கை) பயன்படுத்துவதானால், பாடல் உரிமையில் அவரவர் பங்கு விகிதத்தை எழுதிக் கையொப்பம் பெறுவது அவசியம். ஜான் லெனன் பீட்டில்ஸில் இருந்தபோதே, 1969இல், மாண்ட்ரியல் ஓட்டல் அறையொன்றில் பதிவுசெய்த ‘கிவ் பீஸ் எ சான்ஸ்’ பாடலில், இருவர் பெயரையும் சேர்த்தே போடும் பழைய வழக்கத்தை ஒட்டி, சக உறுப்பினர் பால் மெக்கார்ட்னியின் பெயரும் ஆக்கியோராகச் சேர்ந்தே வந்தது.

அடுத்தது பாடல் வரிகள். பெரும்பாலோர் சறுக்குவது இங்குதான். குழு உடைந்த செய்தி ஆறாதிருக்கும்போது ‘நீ ஏமாற்றினாய்’ என்று பாடினால், கேட்பவர்கள் அதைப் பழைய நண்பர்கள் மீதான வசையாகவே எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் அரசாங்கத்தையே மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும். எனவே எந்தச் சட்டத்தை, எந்தப் போரை, எந்த வெளியேற்றத்தை எதிர்க்கிறீர்கள் என்பது முதல் சரணத்திலேயே விளங்க வேண்டும். ஒரு பாடலுக்கு ஒரு முறையீடு போதும். தனிமனிதரின் பெயரைச் சொல்வதானால், நிறுவக்கூடியதை மட்டும் சொல்லி, பதிவுக்கு முன் வழக்கறிஞரிடம் வரிகளைக் காட்டிவிடுங்கள்.

பல்லவி ஓர் ஆக்டேவுக்குள் (ஒரு ஸ்தாயிக்குள்) அடங்கினால், பயிற்சியில்லாத கூட்டமும் சேர்ந்து பாடும். உச்சக் குரலைக் காட்டும் ஆசை இருந்தால் (எந்த ராக் பாடகருக்குத்தான் இல்லை?) அதைக் கடைசிச் சரணத்துக்கு ஒதுக்கிவையுங்கள். இசைக்கலவையில் கிட்டார் குரலை மூடக் கூடாது. சொல் கேட்காத எதிர்ப்புப் பாடலால் பயனில்லை.

பாடலை இணைய இசைத் தளங்களில் ஏற்றும் விநியோக நிறுவனத்திடம் மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே கோப்பை ஒப்படைத்து, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டை (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணை)ப் பெற்றுக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையின் பாடல் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக விண்ணப்பிப்பது நல்லது. பாடல் குழுவின் பக்கத்தில் ஏறிவிடாமல், உங்கள் பெயரில் தனிக் கலைஞர் பக்கம் உருவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒற்றைக் கிட்டாருடன் பாடும் வடிவத்தையும் அதற்குள் ஒத்திகை பார்த்துவைத்தால், புதிய வாத்தியக்காரர்கள் அமையும்வரை மேடை அழைப்புகளை மறுக்க நேராது.