கேம் டி டிரைவில், சேவ் சி டிரைவில்

போன மாதம் சேலம் அம்மாபேட்டையில் ஒரு கடையில் கம்ப்யூட்டரை ஃபார்மட் போடக் கொடுத்தேன். “கேமெல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு, ஒண்ணும் ஆகாதுண்ணே” என்றார் கடைத் தம்பி. கேம் அப்படியே இருந்தது. அதில் என் மகள் எட்டு மாதமாக வளர்த்த பண்ணைதான் போய்விட்டது. எதுவரை விளையாடினோம் என்று கேம் எழுதி வைக்கும் ‘சேவ்’ ஃபைல், அழிக்கப்பட்ட சி டிரைவில் இருந்திருக்கிறது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை.

ஃபார்மட்டுக்கு முன் சேவைத் தேட, டாகுமென்ட்ஸில் ‘மை கேம்ஸ்’ ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு, சேவ்களுக்கென்றே ‘சேவ்டு கேம்ஸ்’ என்று தனி ஃபோல்டரே வந்தது. இன்றும் பல கேம்கள் அதைத் தொடுவதில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம்.

அங்கே இல்லையென்றால், புரோகிராம்கள் தங்கள் தகவலை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர். அது மறைந்திருக்கும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு ஆங்கிலத்தில் ஆப்டேட்டா என்று அடித்தால் ‘ரோமிங்’ திறக்கும். ஒரு படி மேலே போனால் ‘லோக்கல்’, ‘லோக்கல்லோ’ தெரியும். யூனிட்டி என்ற கேம் தயாரிக்கும் மென்பொருளில் செய்த கேம்களின் சேவ் பெரும்பாலும் லோக்கல்லோவுக்குள், தயாரித்த கம்பெனியின் பெயரில் இருக்கும். மகளின் பண்ணையை நான் தேடாமல் விட்ட இடம் ஆப்டேட்டாதான்.

கேம் விற்கும் ஸ்டீம் தளம் சேவை இணையத்தில் காப்பி வைக்கும் ‘ஸ்டீம் கிளவுட்’ இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், எல்லா கேமுக்கும் அது கிடையாது. கேமை மூடிவிட்டு, சேவ் இருக்கும் ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் போடுங்கள்.