பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறதா? புது டிஸ்க் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரும் வழியில், வில்லுக்குறி பக்கம் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடியது. ஒர்க்‌ஷாப்பில் "டிஸ்க் வளைஞ்சிருக்கு" என்று சொல்லி இரண்டு டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு), அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை, அப்புறம் அதே ஆட்டம். இந்த முறை வீட்டு முற்றத்தில் நானே கழற்றினேன். டிஸ்க் வளையவே இல்லை, அது உட்காரும் ஹப்பில் (சக்கரம் பூட்டும் நடுப்பாகம்) துரு பொருக்குப் பொருக்காக ஒட்டியிருந்தது.

முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரேக் தொடாமலே 80, 90 வேகத்தில் ஆடினால் அநேகமாக வீல் பேலன்ஸ் அல்லது டயர் கோளாறு. பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். சீட்டும் பெடலும் அதிர்ந்து ஸ்டியரிங் சும்மா இருந்தால் பின்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். நம்மூரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம்தான், அதனால் ஆளில்லாத நேர்ச்சாலையில் 30, 40 வேகத்தில் ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுத்துப் பாருங்கள், அப்போதும் அதிர்ந்தால் டிரம்மைக் கழற்ற வேண்டும். மழையில் சட்டென்று மிதிக்கும்போது பெடல் டக்டக்கென்று துடிப்பது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) செய்யும் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய் இதையெல்லாம் சோதிக்காதீர்கள், அங்கே காற்றே வண்டியை ஆட்டிவிடும்.

முன்பக்கம்தான் என்று தெரிந்தால், சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, வீல் நட்டுகளைத் தரையிலேயே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் போகும் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் போய்விடும்.

இப்போது டிஸ்க்கை நட்டுகள் போட்டு ஹப்போடு இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துக் கையால் சுற்றுங்கள். கேஜ் இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் அளவு பெரும்பாலான கார்களில் சுமார் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. நாம் எழுதும் தாளின் கனமே கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர், அதில் பாதி! அதனால்தான் ஹப்பில் ஒட்டிய ஒரு துருப்பொருக்கே போதும்.

ஆனால் அந்த ஆட்டம் முதல் நாளே கையில் தெரியாது. டிஸ்க் சுற்றும்போது அதே இடம் மட்டும் பேடில் லேசாக உரசும், பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போது பேட் ஒரு சுற்றில் கனத்திலும் மெலிவிலும் மாறி மாறி ஏறி இறங்கும், அதுதான் கைக்கு வரும் நடுக்கம். கனம் அளக்கும் மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்தால் வித்தியாசம் தெரியும், சுமார் 0.02 மில்லிமீட்டர் வந்தாலே உணர முடியும். புது டிஸ்க் போட்டும் எனக்கு இரண்டு மாதத்தில் ஆட்டம் திரும்பி வந்த கதை இதுதான்.

ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் பளபளக்கும் வரை துடைத்துவிடுங்கள், டிஸ்க்கின் உள்முகத்தையும் சேர்த்து. குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இந்த வேலையில் அவசரப்படவே கூடாது, உப்புக்காற்று சும்மா விடாது. பேட் தூசியை ஊதாதீர்கள், மூக்குக்கு ஆகாது. காலிப்பர் வழுக்கி நகரும் 'பின்' (கம்பி) தாராளமாக நகர்கிறதா என்றும் பாருங்கள், இறுகியிருந்தால் துடைத்து சிலிகான் கிரீஸ் போடுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

துடைத்த பிறகும் கேஜ் கூடுதலாகக் காட்டினால் டிஸ்க்கை ஹப்பில் ஒரு போல்ட் துளை தள்ளிப் போட்டு அளந்து பாருங்கள், சில நேரம் அதிலேயே குறையும். கனமே வேறுபட்டால் லேத்தில் கடையலாம், ஆனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போகக் கூடாது. போகும் என்றால் புதுசு, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து, மேலே பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவிவிட்டுப் போடுங்கள்.

கடைசியில் நட்டு. வரிசையாகச் சுற்றிக்கொண்டு இறுக்காமல் எதிர் எதிராக, இரண்டு மூன்று முறையாக இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒரேயடியாக முறுக்கினால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து பட்ட பாடெல்லாம் வீண். சின்ன கார்களுக்கு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை, சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியானபிறகே வண்டியை எடுங்கள். புது பேட் என்றால் விடியற்காலை வெறும் சாலையில் 60லிருந்து 20க்கு பத்து தடவை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல், நடுவில் சூடாற விட்டு. சூடான பேட்டோடு பெடலை அழுத்தியபடி நின்றால் டிஸ்க்கில் பேட் பொருள் ஒட்டி, பழைய ஆட்டம் மறுபடி வரும். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை பார்த்துக்கிடுங்க.