மாலை வெயிலில் மின்னும் முன்கண்ணாடி: பொடிக்குழிகளைக் கண்டறியும் முறை

மாலை ஐந்தரை மணிக்கு மேல் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் நோக்கிக் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். அந்தச் சாலை வடமேற்காகச் செல்வதால், சித்திரை, வைகாசி மாதங்களில் இறங்குகிற சூரியன் பல இடங்களில் ஏறக்குறைய நேர் எதிரே நிற்கும். அந்த வேளையில் சில கார்களின் முன்கண்ணாடி, உப்பைத் தூவியது போல முழுவதும் மின்னத் தொடங்கும். அதற்கு அப்பால் இருக்கும் சாலை வெளிறிப் போகும். நான் இரண்டு ஆண்டுகள் அதை அழுக்கு என்றே நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். தக்கலைக்கு முன்னால், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை மிகவும் தாமதமாகப் பார்த்துப் பிரேக்கை அழுத்திய ஒரு மாலைக்குப் பிறகுதான், கண்ணாடியே சின்னஞ்சிறு குழிகள் விழுந்து தேய்ந்துபோயிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் குழிகளைக் கண்டறியும் இந்தச் சோதனையைப் புதிதாகக் கார் வாங்கியவர்களும், பழைய கார் வாங்கப் போகிறவர்களும் கட்டாயம் செய்துபார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து.

இந்தக் குழிகள் எப்படி உண்டாகின்றன?

காரின் முன்கண்ணாடி ஒற்றைத் தகடு அன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில், சுமார் 0.76 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிவினைல் பியூட்டிரால் என்னும் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். கல் பட்டால் கண்ணாடி சிதறி உள்ளே விழாமல் தாங்குவது இந்தப் படலம்தான். ஆனால் வெளித்தகட்டின் மேற்பரப்பைக் காக்க எதுவும் இல்லை. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் கண்ணாடி ஏறத்தாழ 5.5, சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் கனிமங்களில் கார்னெட் 6.5 முதல் 7.5 வரையிலும், சிர்கான் 7.5 வரையிலும் இருக்கும். ஆகவே கண்ணாடியில் மோதுகிற மணல் துகள்களில் பெரும்பாலானவை அதைவிடக் கடினமானவை. ஒவ்வொரு மோதலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சில்லைப் பெயர்த்தெடுக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு பள்ளத்தைத்தான் இங்கே பொடிக்குழி என்று குறிப்பிடுகிறேன்.

மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கி வீசும் மாதங்களில், திருநெல்வேலியிலிருந்து முப்பந்தல் வழியாக நாகர்கோவிலுக்கு வருகிற கார் காற்றை எதிர்த்தே ஓடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் மீது, 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் பறந்து வரும் துகள் 120 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் நம் கண்ணாடியையும் தேய்க்கிறது. இதனோடு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகள் சாலையில் உதிர்த்துவிட்டுப் போகும் துகள்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உச்சிவேளையில் ஒளி மேலிருந்து விழுவதால் இந்தக் குழிகள் தெரிவதில்லை. சூரியன் தாழ்ந்து, கதிர் கண்ணாடியைக் கடந்து நேராக நம் கண்ணை நோக்கி வரும்போது, ஒவ்வொரு குழியின் விளிம்பும் ஒளியைச் சிதறடிக்கிறது. ஆயிரக்கணக்கான குழிகள் ஒரே நேரத்தில் இப்படிச் செய்வதுதான் அந்த மினுமினுப்பு.

படி 1: முதலில் முறையாகக் கழுவுங்கள்

அழுக்கு இருக்கும்போது செய்யும் சோதனைக்குப் பொருள் இல்லை. வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவிட்டு, மணல் முழுவதும் வழிந்தோடும்படி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் பிறகே கார் ஷாம்பூவையும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியையும் எடுக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இரவு நிறுத்திவைத்த காருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவிட்ட கண்ணாடிகளில் வெள்ளை வளையங்கள் படிந்திருக்கும். வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடங்கள் அந்த இடத்தில் வைத்தால் புதிய கறைகள் கரைந்துவிடும். பின்னர் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும்.

உட்புறத்தை மறந்துவிடாதீர்கள். வெயிலில் சூடாகும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறும் ஆவி, கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் பசை போலப் படிகிறது. சூரியன் எதிரே வரும்போது இதுவும் வெளிறலை உண்டாக்கும். பலருடைய தொல்லை உள்பக்கத்தைத் துடைத்ததோடு தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: சூரியனை எதிரே வைத்து உட்காருங்கள்

மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, உதயத்திற்குப் பின் ஒரு மணி நேரத்திற்குள்ளோ, போக்குவரத்து இல்லாத இடத்தில் காரைச் சூரியனுக்கு நேராக நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் வழக்கமான நிலையில் அமருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. ஒரு தென்னையின் கொண்டையோ ஒரு கட்டடத்தின் விளிம்போ சூரிய வட்டத்தை மறைக்கும்படி காரைச் சற்று நகர்த்திக்கொண்டால், கண் கூசாமல் கண்ணாடியின் பரப்பை மட்டும் நிதானமாக ஆராயலாம். பின்னணி இருண்டிருந்தால் குழிகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பிறகு காரைத் திருப்பி, அதே வெயிலைப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பக்கக் கண்ணாடிகளுக்கு எதிர்மோதல் மிகவும் குறைவு என்பதால், அதே வயதுடைய கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல ஒப்பீடாக அமையும்.

படி 3: பார்ப்பது எது என்று பிரித்தறியுங்கள்

தொடக்கநிலையினர் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இதற்கு நேரம் கொடுங்கள்.

விசிறி வடிவில், வளைந்த கோடுகளாகத் தெரிபவை வைப்பர் கீறல்கள். ரப்பருக்கு அடியில் சிக்கிய மணல் அவற்றை வரைகிறது. நகத்தால் குறுக்காக வருடும்போது நகம் தடுக்காவிட்டால் கீறல் மேலோட்டமானது; தடுத்தால் ஆழமானது. வட்ட வளையங்களாகத் தெரிபவை தண்ணீர்க் கறைகள். எல்லை இல்லாத பால் நிறப் படலமாகத் தெரிவது உட்புறப் பசை. ஒழுங்கின்றிச் சிதறிய, ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் மட்டுமே பொடிக்குழிகள். தலையைச் சற்று அசைத்தால் சில அணைந்து வேறு சில ஒளிரும்.

புள்ளி குழியா, ஒட்டியிருக்கும் தார்த்துளியா என்று ஐயம் வந்தால், மெல்லிய பாலித்தீன் உறையை விரலில் மாட்டி, ஈரமான கண்ணாடியின் மீது மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருப்பது மேடாக விரலில் உறுத்தும். குழி பெரும்பாலும் விரலுக்குத் தெரியாது.

மிளகு அளவுக்கோ அதற்கு மேலோ வெடிப்புக் கோடுகளோடு தெரியும் புள்ளி வேறு வகை. அது கல் பட்ட சில்லு. அதைத் தள்ளிப்போடக் கூடாது. வெயிலில் கொதித்த கண்ணாடியின் மீது ஏசி காற்று பட்டால் அந்த வெடிப்பு நீளக்கூடும்.

படி 4: எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு அட்டையில் 10 சென்டிமீட்டர் சதுரத் துளை வெட்டி, ஓட்டுநரின் பார்வை நேராகப் பாயும் இடத்தில் உள்பக்கமாக வைத்து, துளைக்குள் தெரியும் ஒளிப்புள்ளிகளை எண்ணுங்கள். இத்தனைக்கு மேல் ஆபத்து என்று ஒரு எண்ணை நான் தர மாட்டேன். அடுத்த ஆண்டு அதே இடத்தில் எண்ணும்போது, தேய்மானம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது தெரியும் என்பதற்காகவே இந்தக் கணக்கு. ஃபோன் கேமராவைக் கண்ணாடிப் பரப்பின் மீது ஃபோகஸ் செய்து ஒரு படமும் எடுத்துவைக்கலாம்.

அன்றிரவே, எதிரே வரும் ஹெட்லைட்டுகளைச் சுற்றிப் பரந்த ஒளிவட்டமும் கதிர்க்கோடுகளும் தெரிகின்றனவா என்று, நீங்கள் பயணி இருக்கையில் இருக்கும்போது கவனியுங்கள்.

படி 5: என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

தனிச் சில்லுக்கு ரெசின் ஊற்றி அடைக்கும் முறை உண்டு. அது நன்றாகவே பயன்படும். மேலோட்டமான வைப்பர் கீறலை சீரியம் ஆக்ஸைடு என்னும் மெருகுப் பொடியால், பழகியவர் கையால் ஓரளவு மங்கச் செய்யலாம். பொடிக்குழிகளுக்கு இவை இரண்டும் உதவாது. குழியை நீக்க வேண்டுமானால், அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கண்ணாடி முழுவதையும் தேய்த்துக் குறைக்க வேண்டும். அது சீராக அமையாதபோது அந்த இடம் லென்ஸ் போல மாறிக் காட்சி அலையும். நான் ஒரு கடையில் பணம் கொடுத்துப் பாலிஷ் செய்தேன். புள்ளிகள் அப்படியே இருந்தன. சாலையின் வெள்ளைக் கோடு நெளியத் தொடங்கியது. பற்பசையும் சமையல் சோடாவும் வீண் வேலை.

தாழ்ந்த வெயிலில் முன்னால் செல்லும் இருசக்கர வாகனமோ சாலையோரத்தில் நடப்பவரோ மறைந்துபோகிற நிலை வந்துவிட்டால், கண்ணாடியை மாற்றுவதே வழி. புதிய கண்ணாடி லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய) வகையா என்றும், ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் மூலையில் உள்ளனவா என்றும் பாருங்கள். பெரும்பாலான இன்றைய கார்களில் கண்ணாடி யூரித்தேன் பசையால் ஒட்டப்படுகிறது. அந்தப் பசை இறுகும் வரை காரை எடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்று பொருத்துபவரிடம் கேட்டு, அதன்படி காத்திருங்கள். கண்ணாடியின் மேற்பகுதியில் கேமரா உள்ள கார்களுக்கு, மாற்றிய பின் அதை மறுசீரமைக்க வேண்டியிருக்கும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். முழுக் காப்பீட்டில், விபத்தில் உடைந்த கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு பிடிப்பதில்லை. ஆனால் நாள்பட்ட பொடிக்குழிகள் விபத்துச் சேதமாகக் கொள்ளப்படுவதில்லை. செலவு நம்முடையது என்றே கணக்கிடுங்கள்.

படி 6: தேய்மானத்தைத் தாமதப்படுத்துங்கள்

டிப்பருக்குப் பின்னால் ஒட்டிச் செல்லாதீர்கள்; அது கடந்த கம்பத்தை நீங்கள் எட்டக் குறைந்தது மூன்று நொடியாவது ஆகட்டும். காற்று பலமாக உள்ள நாட்களில் முப்பந்தல் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். வைப்பர் ரப்பரை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். முன்கண்ணாடியில் தண்ணீர் தெளிக்காமல் வைப்பரை ஓட்டவே வேண்டாம்.

கண்ணாடியை மாற்றியவர்கள், முதல் மாலையிலேயே அட்டையை வைத்து எண்ணி, நாளோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என் காரின் ஆவணப் பையில் அந்த அட்டையும் அந்தத் தாளும் சேர்ந்தே இருக்கின்றன.