புல்வெட்டும் மெஷின் மக்கர் பண்ணுதா? மலையை விட்டு இறங்கும் முன் இதைப் படிங்க

கோத்தகிரி வீட்டு வாசல் புல்லுக்காக கோயம்புத்தூர் கடையொன்றில் பெட்ரோல் மெஷின் வாங்கினேன். இரண்டாம் வாரமே மக்கர். கயிற்றை இழுத்தால் 'புட் புட்' என்று இருமிவிட்டு அணைந்துவிடும். கடைக்காரர் "கம்பெனியில கேளுங்க சார்" என்றார். கம்பெனியில் கேட்டால் "கீழே கொண்டு வாங்க". வண்டி வாடகையை யார் கொடுப்பது? அதற்கு மட்டும் இருவரிடமும் பதில் இல்லை.

வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தால் கடை சீலும் இல்லை, தேதியும் இல்லை. வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் ஏமாந்தது அங்கேதான்.

போனில் கத்திப் பயனில்லை (நானும் கத்தினேன்). பில் எண், எஞ்சினில் பொறித்திருக்கும் சீரியல் எண், கயிறு இழுக்கும் வீடியோ மூன்றையும் சேர்த்துக் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வழக்குப் போடவும் கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நமக்கு ஊட்டி. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். இந்த வரியை மெயிலில் சேர்த்த பிறகுதான் மெக்கானிக் வீடு தேடி வந்தார்!

அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய பெட்ரோலா?" இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர் மஞ்சுக்குக் (பனிமூட்டத்துக்கு) கேட்கவே வேண்டாம். அப்படிக் கெட்ட பெட்ரோலால் கார்புரேட்டர் அடைத்தால் வாரண்டி இல்லை என்று கைவிரிக்க அதுவே சாக்கு. மழைக்காலத்தில் ஓரங்கட்டும் முன் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பெட்ரோல் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.