லிபாட்டியின் கான்செர்ட்டோ பதிவுகள்: கேட்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ருமேனியப் பியானோ கலைஞர் தினு லிபாட்டி 1950 டிசம்பரில், 33 வயதிலேயே, ஹாட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ப் புற்றுநோயால் ஜெனீவாவில் மறைந்தார். தனி வாத்தியத்துக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதப்படும் படைப்பே கான்செர்ட்டோ. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் காலக் கான்செர்ட்டோக்களில் அவர் ஸ்டூடியோவில் பதிவு செய்தவை இரண்டு மட்டுமே: 1947இல் இசை நடத்துநர் அல்சேயோ கல்லியேராவுடன் நார்வே இசையமைப்பாளர் க்ரீகினுடையது, 1948இல் நடத்துநர் கரயானுடன் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனுடையது. இரண்டிலும் பிலார்மோனியா இசைக்குழுவே வாசித்தது.

முதல் தவறு, உறையில் அச்சிட்ட பெயரை அப்படியே நம்புவது. லிபாட்டியின் பெயரில் 1960களில் வெளிவந்த சோப்பினின் முதல் கான்செர்ட்டோவை வாசித்தவர் அவரல்லர். 1949 வார்சா சோப்பின் போட்டியில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட போலந்துக் கலைஞர் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவே அவர் என்பது 1981இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை அதில் லிபாட்டியைக் கேட்டு உருகியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாசிப்பு அத்தனை நன்றாக இருந்தது. லிபாட்டியே வாசித்தது வேண்டுமென்றால், 1950 பிப்ரவரியில் சூரிச்சில் ஓட்டோ அக்கர்மன் நடத்திய கச்சேரியின் ஒலிப்பதிவைத் தேட வேண்டும்.

அடுத்தது, இரைச்சல் குறைந்த மறுபதிப்பே சிறந்தது என்று எண்ணுவது. அந்த இரு ஸ்டூடியோ பதிவுகளும் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடமே கொள்ளும், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளுக்காக உருவானவை. நடுவில் பிழை நேர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப வாசித்தாக வேண்டும். பழைய தட்டின் சரசரப்பை அளவுமீறி வடிகட்டும்போது பியானோவின் மேல் ஒலிகளும் உடன் போய்விடுகின்றன என்பதால், கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்த பதிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஷூமன், க்ரீக் கான்செர்ட்டோக்கள் இரண்டும் ஏ மைனர் என்னும் ஒரே சுரவரிசையில் அமைந்தவை, இரண்டும் பியானோவின் இறங்குமுகப் பாய்ச்சலுடன் தொடங்குபவை, ஒரே தட்டில் இணைத்து விற்கப்பட்டவை என்பதற்காக அவற்றை இரட்டையராகக் கேட்பதும் தவறு. ஷூமனின் முதல் பகுதி, 1841இல் தனியொரு கற்பனைப் படைப்பாக எழுதப்பட்டது. ஓபோ, கிளாரினெட் ஆகிய ஊதுகருவிகள் பாடும் இடங்களில் பியானோ பக்கவாத்தியமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும், லிபாட்டியின் அருமை அந்த ஒதுங்கலில்தான் தெரிகிறது. க்ரீகிலோ பியானோவே முன்னின்று பேசுகிறது.

அற்பாயுளில் போனவர் என்பதால் ஒவ்வொரு சுரத்திலும் சாவின் நிழலைத் தேடுவோரும் உண்டு. க்ரீகின் இறுதிப் பகுதி நார்வேயின் ஹாலிங் என்னும் துள்ளலான நாட்டுப்புற நடனத் தாளத்தில் அமைந்தது. லிபாட்டியின் விரல்களில் அங்கே கேட்பது துள்ளல்தான்.